அண்ணன் கல்லறையில் ஒரு முட்பந்து

அரிய செடிக்கும் சாதாரணச் செடிக்கும் உள்ள வேறுபாட்டை இப்போது என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இரண்டும் ஒரே குடும்பம். இரண்டிலும் பூ பந்து போல உருண்டு நிற்கும். உண்மையில் அது ஒரு பூ அல்ல, பல சிறு பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பது. இரண்டிலும் இலை ஆழமாகக் கிழிந்திருக்கும், ஒவ்வொரு கிழிசலின் நுனியிலும் முள் இருக்கும். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் பஞ்சை ஒட்டியது போல வெள்ளையாக இருக்கும். வேறுபாடு பந்தில்தான். சாதாரணச் செடியின் பந்து எலுமிச்சம்பழ அளவு. அதில் சில முட்கள் மட்டும் மற்றவற்றைவிட நீண்டு, கொம்பு போல வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அரிய செடியின் பந்து ஆரஞ்சுப் பழம் அளவுக்கு வரும். அதில் கொம்பு கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் வடக்குப் பகுதியில், சில பாறை மேடுகளில் மட்டும் அது வளர்கிறது என்கிறார்கள்.

அந்த அரிய செடியை நான் நேரில் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் படங்கள்தான். சாதாரணச் செடியைத்தான் போன ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அது என் அண்ணன் கல்லறையின் மேல் முளைத்திருந்தது.

ஆங்கிலத்தில் இந்த வகைச் செடிகளை திஸில் என்பார்கள். சாதாரணச் செடிக்குக் கன்னடத்தில் பிரம்மதண்டே என்று பெயர். தமிழில் பிரம்மதண்டு என்றால் மஞ்சளாகப் பூக்கும் வேறொரு முட்செடி. ஆகவே இதற்கு முட்பந்து என்று நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூர்ப் பதிப்பில் செய்தி மேசையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். பெயர் இல்லாத பொருளுக்குப் பெயர் வைப்பது, தலைப்பு இல்லாத செய்திக்குத் தலைப்பு வைப்பது, இரண்டும் கையோடு வந்த பழக்கம்.

அண்ணன் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் மிஷினில் வேலை பார்த்தார். அவர் இறந்தபோது மண் கல்லறைதான் கிடைத்தது. குழியை மூடி, மேலே மண்ணை நீளவாக்கில் மேடாக அணைத்து, தலைமாட்டில் ஒரு மரச் சிலுவை நட்டார்கள். சுற்றிலும் உள்ள குடும்பங்கள் கொஞ்ச நாளில் சிமென்ட் கட்டின, பிறகு கிரானைட் வைத்தன. எங்கள் மேடு மண்ணாகவே இருந்தது. கல் வைக்க அண்ணிக்கு வசதி இல்லை. எனக்கு இருந்தது. நான் பேச்சை எடுக்கவில்லை. ஒருமுறை அண்ணியே என் சங்கடத்தைப் பார்த்துவிட்டு, "கல்லு வெச்சா திரும்ப உடைக்கணும்மா. எனக்காக எதுக்கு உடைச்சுக்கிட்டு?" என்றார்.

எங்கள் பக்கம் கணவனும் மனைவியும் ஒரே குழியில் அடங்குவது வழக்கம். சில வருடங்கள் போன பிறகு அதே குழியைத் திறந்து மேலே வைப்பார்கள். அண்ணி அந்த இடத்தைத் தன்னுடையது என்றுதான் பேசுவார். பஸ்ஸில் சீட்டுப் பிடித்து வைத்திருப்பவர் பேசுவதைப் போல, "என் எடம் நல்ல எடம், மரத்து நிழலு" என்பார். அதில் சோகம் எதுவும் இருக்காது.

அந்த இடத்தைக் காப்பாற்ற ஒரு வேலை இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் இடம் போதவில்லை. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய வாரங்களில் குடும்பங்கள் வந்து களை பிடுங்கி, மண்ணை அணைத்து, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போக வேண்டும். திருநாள் முடிந்ததும் கல்லறைக் கமிட்டிக்காரர்கள் ஒரு சுற்று வருவார்கள். கை படாத மண் மேடுகளின் சிலுவையில் சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பார்கள். அதன் பிறகும் யாரும் வந்து கேட்கவில்லை என்றால் அந்தக் குழி வேறொருவருக்குப் போய்விடும். இது எல்லோருக்கும் தெரிந்த விதி. எனக்கும் தெரியும்.

ஆகஸ்டில் அண்ணனின் நினைவு நாளன்று நானும் அண்ணியும் போனோம். மழை பெய்து மேடு முழுக்கப் பச்சையாக இருந்தது. அண்ணி களைக்கொத்தை எடுத்து அருகம்புல்லிலிருந்து ஆரம்பித்தார். நடுவில், ஏறக்குறைய அண்ணனின் மார்புக்கு நேராக, தரையோடு வட்டமாக விரிந்த முள் இலைகள். அண்ணி கொத்தை ஓங்கினார். நான், "அண்ணி, ஒரு நிமிஷம்" என்றேன். போனை எடுத்துப் படம் பிடித்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு செடி பார்க்கும் குழுவோடு போய்க்கொண்டிருந்தேன். ஏரிக்கரை, காலி மனை, ரயில்பாதை ஓரம் என்று நடப்போம், படம் எடுப்போம், வாட்ஸ்அப்பில் போடுவோம், பெயர் சொல்வோம். குழுவை நடத்தியவர் ஈரோட்டுக்காரர், மென்பொருள் வேலை. என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். நான் அனுப்பிய படத்துக்கு அன்று மாலையே போன் செய்தார்.

"மேடம், இது எங்க எடுத்தீங்க?"

"எங்க அண்ணன் கல்லறையில."

"ஓ. சாரி மேடம். இல்ல, இலையோட வெட்டு வேற மாதிரி இருக்கு. சாதாரண குளோப் திஸிலா இருக்கலாம். ஆனா அந்த மலை இனமா இருந்தா, பெங்களூருல யாரும் பாத்ததா எனக்குத் தெரியல. பூத்தாத்தான் சொல்ல முடியும். அதுவரைக்கும் யாரும் தொடாம பாத்துக்க முடியுமா?"

முடியும் என்றேன். அந்த மேட்டைச் சுற்றி கிரானைட் பளபளக்க, நடுவில் எங்கள் மண் மட்டும் மண்ணாக நிற்பதைப் பல வருடங்களாகத் தலையைக் குனிந்துகொண்டு பார்த்து வந்தவள் நான். இப்போது அந்த மண்ணில்தான், மண்ணாக இருந்ததால்தான், வேறெங்கும் இல்லாத ஒன்று முளைத்திருக்கிறது. அன்று இரவுக்குள் என் தலைக்குள் தலைப்பு தயாராகிவிட்டது.

மறுநாள் விவேக் நகரில் அண்ணி வீட்டுக்குப் போனேன். குழந்தை இயேசு கோவிலுக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் இரண்டு அறைகள். தோசை வார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அது பூக்கறது எப்போ?"

"நவம்பர் நடுவுல இருக்கும்."

தோசையைத் திருப்பிப் போட்டார். "கல்லறைத் திருநாள் ரெண்டாந்தேதி."

"தெரியும் அண்ணி. இந்த ஒரு வருஷம் மட்டும் மேட்டுல கை வெக்காம இருக்கணும். சுத்தி மண்ணைக் கிளறினாகூட வேர் அசைஞ்சிடும்."

"புள்ளி வெச்சிடுவாங்க."

"நான் கமிட்டியில பேசறேன். எடுத்துச் சொன்னா புரிஞ்சுப்பாங்க."

அண்ணி என்னைப் பார்த்தார். அவருக்கு நான் பேப்பரில் இருந்தவள். ரேஷன் கார்டு, அண்ணனின் பி.எஃப். பணம், மகளுக்குப் பள்ளியில் இடம், எதுவானாலும் நான் பேசினால் நடக்கும் என்று நம்பியவர். சில நடந்தும் இருந்தன.

"நீ பேசறேன்னா சரி. உங்கண்ணனுக்கும் கொஞ்சம் பேரு வரட்டும். இருந்தப்ப வரல" என்றார்.

கமிட்டியிடம் நான் பேசவில்லை. மறந்துவிடவில்லை. பூத்த பிறகு, உறுதியான செய்தியோடு போய் நிற்க வேண்டும் என்று தள்ளிப்போட்டேன். "இருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குள் போவது எனக்குப் பிடிக்காது.

செப்டம்பரில் தண்டு எழுந்தது. அக்டோபரில் மொட்டு உருண்டது. குழுவில் தினமும் விசாரித்தார்கள். முகம் தெரியாத ஒருவர் மைசூரிலிருந்து, பூத்ததும் வந்து பார்க்கலாமா என்று கேட்டார். நான் வாரம் இருமுறை பஸ் ஏறிப் போய்ப் படம் எடுத்தேன். அண்ணனைப் பார்க்க அதுவரை வருடத்துக்கு இரண்டு தரம் போனவள்.

அக்டோபர் மூன்றாம் வாரத்தில் பொம்மனஹள்ளியில் ஒரு திருமண வரவேற்புக்குப் போக வேண்டியிருந்தது. மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை. கட்டடக் குப்பையும் உடைந்த டைல்ஸும் கொட்டிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே, ஒன்றல்ல, ஒரு கூட்டமாகவே முட்பந்துச் செடிகள் நின்றன. சாதாரண வகை. சில பூத்தும் இருந்தன. வெளிறிய நீலம், எலுமிச்சம்பழ அளவு, கொம்புகள் துருத்திக்கொண்டு. பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி நான் உள்ளே இறங்கினேன். கல்லறையில் எடுத்த படத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, பூக்காத ஒரு செடியின் பக்கத்தில் குனிந்தேன்.

இலையின் வெட்டு ஒன்றுதான். அடிப்பக்கத்துப் பஞ்சு ஒன்றுதான். தண்டில் ஓடிய வெள்ளைப் பூச்சு, அடியிலிருந்தே கிளை பிரிந்த விதம், எல்லாம் ஒன்றுதான். ஆகஸ்டில் இலையில் தெரிந்த வித்தியாசம் இளம் இலைக்கு உரியது. இங்கேயும் இளம் கன்றுகளின் இலை அப்படியே இருந்தது. மொட்டைப் பார்த்தேன். பொம்மனஹள்ளி மொட்டில் ஒரு பக்கம் மட்டும் ஒரு முள் மற்றவற்றைவிடச் சற்று நீளமாக முனை காட்டியது. என் படத்தைப் பெரிதாக்கினேன். அண்ணன் மேட்டின் மொட்டில், இடது ஓரத்தில், அதே போல ஒரு முனை.

காய்ந்த புல் ஏதாவது ஒட்டியிருக்கலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது சரியல்ல, அப்படி நினைக்கலாம் என்று முடிவு செய்தேன்.

வரவேற்பில் சாப்பிட உட்கார்ந்தபோது குழுவில் கேட்டார்கள்: புதுப் படம் உண்டா மேடம்? இடது ஓரத்தை வெட்டிவிட்டு மொட்டை மட்டும் நெருக்கமாக வைத்து அனுப்பினேன். மேசையில் படம் வெட்டுவது எனக்கு மூச்சு விடுவது போல. மூன்று பத்தி அகலத்துக்கு வேண்டுமா, இரண்டு பத்தியா, ஓரத்தில் நிற்கும் ஆள் தேவையா இல்லையா என்று பார்த்துப் பார்த்து வெட்டிய கை. தலைப்பு முதலில் வந்துவிட்டால் செய்தியை அதற்கேற்ப வெட்டுவார்கள். அப்படிச் செய்யக் கூடாது என்று எத்தனையோ இளைஞர்களிடம் நான் கத்தியிருக்கிறேன். ஈரோட்டுக்காரர் பதில் போட்டார்: "கொம்பே தெரியல மேடம். நம்பிக்கையா இருக்கு." நான் கை கூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் பாயசத்தை எடுத்தேன்.

அன்றே அண்ணியிடம் போய்ச் சொல்லியிருந்தால் திருநாளுக்குப் பத்து நாளுக்கு மேல் இருந்தது. மேட்டைச் சுத்தம் செய்ய அவருக்கு ஒரு காலை போதும்.

கல்லறைத் திருநாளன்று மாலை அண்ணியோடு போனேன். வாசலில் செவ்வந்திப் பூவைக் கூடை கூடையாகக் கொட்டி வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒவ்வொரு மேட்டின் மேலும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூவில் சிலுவை போட்டிருந்தது. கிரானைட்டைக் கழுவி எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள். மெழுகுவத்திகளின் வெப்பம் முகத்தில் அடித்தது. எங்கள் மேட்டில் முழங்கால் உயரத்துக்கு முள் நின்றது. அதற்குக் கீழே ஆகஸ்டில் பாதியில் விட்ட அருகம்புல் சிலுவை வரை ஏறியிருந்தது. பூ வைக்க இடமில்லை. அண்ணி கொண்டுவந்த பூவைக் கால்மாட்டில் தரையில் குவித்து வைத்தார். மெழுகுவத்தியை ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி, முள்ளில் படாமல் ஓரமாக வைத்தார்.

பக்கத்துக் கல்லறை ஒரு குடும்பத்துப் பாட்டியுடையது. அந்த வீட்டு மருமகள் அண்ணிக்கு வருடத்துக்கு ஒரு நாள் சிநேகிதி.

"என்னக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா? சொல்லியிருந்தா எங்க வீட்டுக்காரரே புடுங்கிப் போட்டிருப்பாரே."

"உடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு."

"பின்ன? சின்ன வயசுல மறைக்கல்வி வகுப்புல சொல்லுவாங்கல்ல, முள்ளு மொளைக்கறது சாபம்னு. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு."

"சும்னே இரு" என்று அவள் கணவர் கன்னடத்தில் அதட்டினார். அவள் நிறுத்துவதாக இல்லை. "இல்ல, அண்ணன் மேல அக்காவுக்கு அவ்ளோ கோவமான்னு கேக்கறேன். முள்ளைப் போட்டு வெச்சிருக்காங்களே."

"எந்திரிச்சு வந்துடக் கூடாதுல்ல, அதான்" என்றார் அண்ணி.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். அப்போது நான் அவர் கையைத்தான் பார்த்தேன். முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தது. ஃபாதர் பீடப் பையன்களோடு வரிசையாக மந்திரித்துக்கொண்டு வந்தார். எங்கள் மேட்டுக்கு வந்ததும் அங்கியை முள் பிடித்துக்கொண்டது. விடுவித்துக்கொண்டு, சுற்றிப் போய், கால்மாட்டிலிருந்து தீர்த்தம் தெளித்துவிட்டு நகர்ந்தார். தீர்த்தம் செடியின் மேல்தான் விழுந்தது.

"ஃபாதர்கிட்டயாவது சொன்னியா?" என்று அண்ணி மெதுவாகக் கேட்டார்.

"பூக்கட்டும் அண்ணி" என்றேன்.

பூத்தது. பொம்மனஹள்ளியில் பார்த்ததேதான். வெளிறிய நீலம், எலுமிச்சம்பழம், சுற்றிலும் கொம்புகள். ஈரோட்டுக்காரரும் இன்னும் மூன்று பேரும் விடுமுறை நாளான ஒரு வியாழக்கிழமை காலை கேமராவோடு வந்து நின்றார்கள். அவர் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: "சாதாரணம்தான் மேடம்." மரியாதைக்காக இரண்டு படம் எடுத்தார். மைசூர்க்காரருக்கு வர வேண்டாம் என்று அங்கேயே செய்தி போட்டார். பிறகு, "அந்த மொட்டுப் படத்துல கொம்பு தெரியலையே, ஆச்சரியமா இருக்கு" என்றார். வேண்டுமென்று சொன்னாரா, தெரியாது. நான் வெயிலைப் பற்றி ஏதோ சொன்னேன். அவர்கள் பக்கத்து ஏரிக்குப் போனார்கள். நான் மேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். அப்போதுதான் சிலுவையைப் பார்த்தேன். குறுக்குக் கட்டையின் நடுவில், அண்ணன் பெயருக்கு மேலே, சிவப்புப் புள்ளி இருந்தது.

அண்ணியிடம் போனில் சொன்னேன். சிலுவை இருக்கிறதா என்று முதலில் கேட்டார். பிறகு, "சாயங்காலம் ஆபீஸ் தொறந்திருக்கும். நானும் வரேன். நீயும் வா" என்றார்.

கமிட்டிச் செயலாளர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கோவில் வளாகத்தின் பின்னால் ஒரு சின்ன அறை. எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் வீட்டில் மரணம். அடக்கத்துக்கு இடம் கேட்டு வந்திருந்தார். எங்கள் வரிசையில் இடம் காலியாகுமா என்று செயலாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

"ஏம்மா, வருஷத்துக்கு ஒரு நாள். அதுக்குக்கூட வர முடியலேன்னா எப்படி?"

"வந்தேன் சார். பூசைக்கு வந்தேன்."

"வந்தீங்க. கை வெக்கலையே? ஃபாதருக்கு நிக்க எடம் இல்ல. அங்கியைப் புடிச்சு இழுக்குது. மத்தவங்க என்னைக் கேட்டாங்க, இதுக்குப் புள்ளி வெக்க மாட்டீங்களான்னு. நான் என்ன சொல்றது?"

நான் வாயைத் திறந்தேன். "சார், அது வந்து..."

மேசைக்கு அடியில் அண்ணியின் செருப்பு என் பாதத்தை அழுத்தியது.

"முட்டி மடக்க முடியலை சார். மழைக்காலம் வந்தா ரெண்டு காலும் வீங்கிடுது. குனிஞ்சு களை புடுங்க முடியலை."

அண்ணியின் முட்டிகளுக்கு ஒன்றும் இல்லை. அன்று காலைகூட மூன்றாவது மாடிக்கு இரண்டு குடம் தண்ணீர் தூக்கியவர்.

"முடியலேன்னா ஆள் வெச்சுப் பண்ணணும். இவங்க யாரு, அவரோட தங்கச்சியா?" செயலாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பேப்பர்ல இருந்தவங்கதானே? பாத்திருக்கேன். நீங்களாவது ஒரு எட்டு போயிருக்கலாமே."

"அவளுக்கு இதெல்லாம் தெரியாது சார். எழுத்து வேலை பாத்தவ" என்றார் அண்ணி.

பெஞ்சில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். செயலாளர் என்னைக் கனிவாகப் பார்த்தார். வெயிலில் வேலை செய்யத் தெரியாதவளைப் பார்க்கும் கனிவு. சொல்ல வேண்டியதை நான் அப்போது சொல்லியிருக்க முடியும். அண்ணியின் கால் என் காலை நிறுத்தலாம், வாயை நிறுத்த முடியாது. ஆனால் அந்தச் செருப்பு அழுத்திய கணத்தில் எனக்கு வந்தது நிம்மதி. மற்ற எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொள்ள முடிகிறது. அந்த நிம்மதிக்கு இன்றுவரை முடியவில்லை.

செயலாளர் பெஞ்சைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த ஒரு தரம் விடறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள சுத்தமா இருக்கணும். நானே வந்து பாப்பேன். இன்னொரு தரம் இப்படி இருந்தா என்கிட்ட வராதீங்க. இனிமே யாரு பொறுப்பு?"

"நான்" என்றேன்.

"நான்தான் சார். அவளை நம்பி விட வேணாம்" என்றார் அண்ணி. குரலில் குத்தல் இல்லை. கடையில் சரியான சில்லறை கேட்பவரின் குரல்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். "ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பின்ன என்ன சொல்றது? நாத்தனா சொன்னா, அதனால புருஷன் மேட்டுல முள்ளு வளத்தேன்னா? பெஞ்சில இருந்ததுங்க கிறிஸ்துமஸ் வரைக்கும் சொல்லிச் சிரிக்கும். என்னைப் பாத்து இல்ல. உன்னைப் பாத்து."

பஸ் வரும் திசையை ஒருமுறை பார்த்துவிட்டு, "அந்த நல்ல செடி எப்படித்தான் இருக்கும்? காட்டு" என்றார். போனில் எடுத்துக் கொடுத்தேன். அவர் கையைத் தள்ளி நீட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நான் பந்தின் அளவைச் சொன்னேன். கொம்பு இல்லாததைச் சொன்னேன். எங்கள் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, இலை ஒன்று, பஞ்சு ஒன்று, பந்து மட்டும் வேறு என்று விளக்கினேன். எதிர்த்தாற்போல ஒரு ஆட்டோக்காரர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் குரல் என் காதில் விழுந்தது. மேசையில் புதியவர்களுக்குப் பாடம் எடுத்த அதே குரல். அண்ணி முடிவுவரை மரியாதையாகக் கேட்டார்.

"சரி. இது அது இல்லேன்னு உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"பூத்ததும்" என்றேன். பஸ் வந்தது.

ஞாயிறு வரை காத்திருக்காமல் மறுநாள் காலையிலேயே போனோம். நான் போவதற்குள் அண்ணி ஆரம்பித்துவிட்டார். முட்டி போட்டு உட்கார்ந்து, புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, செடியை அடியோடு பிடுங்கிப் பாதை ஓரத்தில் போட்டிருந்தார். வேர் ஒரு முழம் இருக்கும், முள்ளங்கி போல நேராக. நீலப் பந்துகள் இன்னும் வாடவில்லை. எறும்புகள் அவற்றின் மேல் ஏறிக்கொண்டிருந்தன. நானும் குனிந்து புல்லைப் பிடித்தேன்.

"நீ அதை விடு. தண்ணி மட்டும் கொண்டா" என்றார்.

குழாய் வாசல் பக்கம் இருந்தது. நான் வாளியில் கொண்டுவந்து ஊற்ற, அவர் மண்ணை நனைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை அணைத்து வழித்தார். மேட்டுக்கு மறுபடி வடிவம் வந்தது. மூன்றாவது வாளியை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"அண்ணி. அக்டோபர்லயே தெரியும்."

கை நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பொம்மனஹள்ளியில ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப பாத்தேன். ரெண்டும் ஒண்ணுதான்னு தெரிஞ்சுது. படத்தை வெட்டி அனுப்பிட்டேன்."

தூரத்தில் யாரோ குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டிச் சத்தம் சீராகக் கேட்டது. நேற்றுப் பெஞ்சில் இருந்தவரின் குடும்பத்துக்கு எங்கேயோ இடம் கிடைத்திருக்க வேண்டும். அண்ணி அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு கையைத் தண்ணீரில் நனைத்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி மண்ணை வழிக்க ஆரம்பித்தார். கால்மாடு வரை போய் முடித்து, ஓரத்தை விரலால் கூர்மையாக்கினார்.

"என்னை இங்க வெக்கும்போது நீ இருப்பியோ இல்லியோ" என்றார். "இருந்தா ஒண்ணும் வளக்காத."

"சரி அண்ணி."

"இன்னொரு வாளி வேணும். சிலுவையைக் கழுவணும்."

வாளியை எடுத்துக்கொண்டு போனேன். குழாயில் நீர் நூல் போலத்தான் வந்தது. நிரம்பும் வரை நின்றேன். திரும்பி வரும்போது அவர் ஒரு சின்னக் கல்லால் சிவப்புப் புள்ளியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பெயிண்ட் மரத்துக்குள் இறங்கியிருந்தது. முழுதாகப் போகவில்லை.